வேலூர்ப் பக்கம் புது எஸ்.ஐ.: இடுப்பு பெல்ட்டில் எதை வாங்குவது, எதை எங்கே மாட்டுவது?

பாலாறு_புதுசு:
எல்லாருக்கும் வணக்கம். ஊனமாஞ்சேரி போலீஸ் அகாடமியில் பயிற்சி முடித்த நேரடி எஸ்.ஐ. இப்போது வேலூர் மாவட்டத்தில் ஸ்டேஷன் டியூட்டி. ஆர்மரியில் (ஆயுதக் கிடங்கு) கொடுப்பது 9 எம்.எம். பிஸ்டல். அது போக வாக்கி டாக்கி, விலங்கு ஒரு ஜோடி, டார்ச், செல்போன். பெல்ட் மெல்லிசு. உறையை மாட்டினால் வலது பக்கம் சரிந்து தொங்குகிறது. வலது கைப் பழக்கம், பேன்ட் அளவு 34. பாதி நேரம் பொலீரோ, பாதி நேரம் பைக். என்ன பெல்ட், என்ன அகலம், எது எந்தப் பக்கம்? ஆன்லைனில் வரும் கறுப்பு நைலான் செட் வாங்கலாமா?

ஆர்மரி_பெரியவர்:
தம்பி, காசு கொடுப்பதற்கு முன்னாடி இன்ஸ்பெக்டரிடம் கேட்டுக்கோங்க. பெல்ட்டின் நிறம், பக்கிள், முத்திரை இதெல்லாம் யூனிஃபார்மில் சேர்ந்தது, நம்ம இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. உள் பெல்ட் (பேன்ட் வளையத்தில் போடுவது), பை, உறை மாதிரி விஷயத்தில்தான் கொஞ்சம் இடம் இருக்கும். அதுவும் யூனிட்டுக்கு யூனிட் மாறும்.

சரிந்து தொங்குவதற்கு உறையைக் குறை சொல்லாதீங்க. குறை பெல்ட்டில். பிஸ்டல் கீழே மட்டும் இழுக்காது, வெளிப்பக்கமாகவும் சாயும். பெல்ட் முறுக்கிக்கொடுத்தால் பிடி உடம்பை விட்டு விலகும், உறையின் அடி தொடையில் குத்தும். கடையிலேயே பார்த்துவிடலாம்: பெல்ட்டை ஒரு ஜாண் இடைவெளியில் இரண்டு கையாலும் பிடித்து ஈரத்துணி பிழிவது மாதிரி முறுக்குங்க. கால் சுற்றுக்கு மேல் சுலபமாக முறுகினால் அது பிஸ்டலுக்கு ஆகாது, பேன்ட்டுக்குத்தான் ஆகும்.

எடையைக் கூட்டிப் பாருங்க. பிஸ்டல் ஏறக்குறைய 1 கிலோ. மேகசினுக்கு (பிடிக்குள் செருகும் குண்டுப் பெட்டி) 13 குண்டு, ஒன்று 12 கிராம் என்றால் 150 கிராமுக்கு மேல். நிரப்பின உபரி மேகசின் 250. விலங்கு 300. வாக்கி டாக்கி 350 என்று வையுங்க. டார்ச் 150. பெல்ட்டும் பைகளும் 600. மொத்தம் 2 கிலோ 800. மூணு கிலோ அரிசிப் பையை இடுப்பில் கட்டிக்கொண்டு 12 மணி நேரம் நிற்கிற கணக்கு. அதனால் ஒவ்வொரு சாமானையும் மாட்டும்போது, போன ஒரு மாதத்தில் இதை எத்தனை தடவை எடுத்தோம் என்று கேட்டுக்கோங்க. பிஸ்டல், விலங்கு தவிர மற்றதில் ஒரு தடவைகூட எடுக்காதது ஜீப்பில் இருக்கட்டும்.

இடத்துக்கு வருவோம். தொப்புளை 12 மணி, முதுகெலும்பை 6 மணி என்று வைத்துக்கோங்க. பிஸ்டல் 3 மணியில், இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால். மேகசின் பை 11 மணியில், குண்டு முனை தொப்புளைப் பார்த்த மாதிரி. அப்போது இடது ஆள்காட்டி விரல் மேகசினின் முன்பக்கத்தில் தானாக வந்து படியும், பார்க்காமலேயே செருகலாம். டார்ச் இடது பக்கம்தான், வலது கை பிஸ்டலுக்கு. வாக்கி டாக்கி 8, 9 மணிக்குள். 5 முதல் 7 மணி வரை ஒன்றும் வேண்டாம். மல்லாக்க விழுந்தால் விலங்கு நேரே முதுகெலும்பில் இறங்கும்.

ஆம்பூர்_தோல்:
பெல்ட் அகலம் பத்தி யாரும் சொல்லலியே. டியூட்டி பெல்ட்டுக்கு 2 அங்குலம் இல்லேன்னா 2 கால் அங்குலம், அதாவது 50 இல்லேன்னா 57 மில்லிமீட்டர். எதை எடுத்தாலும் உறையோட வளையமும் அதே அளவுல இருக்கணும். 50 மில்லி பெல்ட்ல 57 மில்லி வளையத்த மாட்டினா 7 மில்லி ஆட்டம். பிஸ்டலை உருவும்போது முதல்ல உறை மேல ஏறும், அப்புறம்தான் பிஸ்டல் வரும். பெல்ட் ஏற்கெனவே இருக்குதுன்னா, வளையத்துக்குள்ள ஒரு துண்டுத் தோல வச்சு தைச்சி இறுக்கிடலாம். பத்து நிமிஷ வேலை.

தோலைப் பத்தி. ஆம்பூர், ராணிப்பேட்டை, வாணியம்பாடி பக்கம் அதிகமா ஓடறது ஷூ மேல்தோல், குரோம் உப்புல பதம் போட்டது. மிருதுவா இருக்கும், தண்ணிக்குத் தாங்கும், ஆனா இழுபடும். பெல்ட்டுக்கு வேண்டியது மரப்பட்டையில பதம் போட்ட தோல். அந்தக் காலத்துல ஆவாரம்பட்டை, கடுக்காய். இப்போ வாட்டில் பட்டைச் சாறு. வெட்டின ஓரத்தப் பாத்தாலே தெரியும்: பட்டைத் தோல் நடு வரைக்கும் பழுப்பா இருக்கும், குரோம் தோல்ல நடுவுல சாம்பல் நீலக் கோடு தெரியும். ஓரத்துல மொத்தமா கறுப்பு பெயின்ட் அடிச்சி வச்சிருந்தா பக்கிள் ஓட்டைக்குள்ள பாருங்க, அங்க பெயின்ட் போகாது. அட்டை மாதிரி அடுக்கடுக்கா, தூள் உதிர்ந்தா அது தோல்தூளை அரைச்சி ஒட்டினது. மழை பட்டா ஊறி உப்பிக்கும்.

எருமைத் தோல் கனமா கிடைக்கும், பெல்ட்டுக்கு நல்லது. ஆனா முதுகுப் பக்கத்துல, முதுகெலும்புக்கு இணையா நீளவாக்குல வெட்டினதான்னு கேளுங்க. வயித்துப் பக்கம் வெட்டினது ஆறு மாசத்துல ஒண்ணு, ரெண்டு ஓட்டை அளவுக்கு நீண்டுகினு போகும். ரெண்டு அடுக்கு, ஒவ்வொண்ணும் 2.5 மில்லி, ஒட்டி ஓரத்துல நைலான் நூல்ல தையல், அங்குலத்துக்கு 6லருந்து 8. அதுக்கு மேல நெருக்கமா போட்டா ஊசி ஓட்டையே தோலைக் கிழிக்கும், தபால்தலை மாதிரி.

அளவு: பேன்ட் 34ன்னா பெல்ட் 34 இல்ல. பேன்ட், உள் பெல்ட், டக் பண்ண சட்டை எல்லாம் போட்டுகினு டேப்பால சுத்தி அளங்க. 36லருந்து 38 வரும். அந்த அளவு பக்கிள் மடிப்புலருந்து நடு ஓட்டை வரைக்கும். அஞ்சு ஓட்டை, ஒவ்வொண்ணுக்கும் ஒரு அங்குலம். நடு ஓட்டையில நின்னாதான் வெயில் காலத்துக்கும் ஸ்வெட்டர் காலத்துக்கும் ரெண்டு பக்கமும் இடம் இருக்கும்.

பீட்_பைக்:
அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனால் நம்ம ஊர் மே மாசத்தில் தோல் பெல்ட் எப்படி இருக்கும் என்பதையும் எழுத வேண்டும். 40 டிகிரிக்கு மேல் போகிற வெயிலில் வியர்வை உப்பு தோலுக்குள் இறங்கி வெள்ளைக் கோடாகப் பூத்துவிடும். பித்தளை பக்கிள் பட்ட இடத்தில் பச்சைக் களிம்பு. ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சை. நல்ல நைலான் பெல்ட்டைக் கழுவிக் காயப் போட்டால் முடிந்தது, எடையும் பாதி. உள்ளே விறைப்புப் பட்டை வைத்த நைலானை ஆர்மரி பெரியவர் சொன்ன மாதிரி முறுக்கிப் பாருங்கள், சுலபத்தில் முறுகாது.

ஆனால் ஆன்லைன் செட் வேண்டாம். காரணம் நைலான் இல்லை, அதில் வருகிற பிளாஸ்டிக் கிளிப்பும் வெல்க்ரோவும்தான். கிளிப் ஒரே அழுத்தில் திறந்துகொள்ளும். கூட்டத்தில் யாருடைய முழங்கை பட்டாலும் போதும், பெல்ட் மொத்தமாக அவிழும். மூன்று இடத்தில் அழுத்தினால்தான் திறக்கும் பக்கிளாகப் பாருங்கள். வெல்க்ரோவில் பஞ்சும் மணலும் ஏறினால் பிடிப்பு போய்விடும். பழைய பல்தேய்ப்பு பிரஷால் வாரம் ஒரு முறை கொக்கிப் பக்கத்தைச் சீவ வேண்டும். ராத்திரி ரோந்தில் அதைப் பிரிக்கிற ‘சர்ர்’ சத்தம் ஒரு தெரு தள்ளிக் கேட்கும். அதனால் பை மூடிக்கு டிச் பட்டன்தான்.

ஆர்மரி_பெரியவர்:
நைலானுக்கு நான் எதிரி இல்லை. யூனிட் அனுமதித்தால் தாராளமாகப் போடலாம். தோல்தான் என்றால் மழையில் நனைந்ததை வெயிலிலோ ஜீப் பானட்டிலோ காய வைக்காதீங்க, வெடித்துவிடும். உலர்ந்த துணியால் ஒற்றி, நிழலில் ஃபேனுக்கு அடியில், தட்டையாக. ஆணியில் தொங்கவிட்டால் அந்த வளைவு அப்படியே நின்றுவிடும். காய்ந்த பிறகு பாலிஷ் மெல்லிசாக. தடிமனாக அப்பினால் வளைகிற இடத்தில் வெடித்துச் சட்டையில் ஒட்டும்.

தோல் உறையில் பிஸ்டலை நாள்கணக்கில் வைக்கக் கூடாது. தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பதத்தில் இருக்கிற அமிலம் இரும்பின் கறுப்பைத் தின்னும். டியூட்டி முடிந்ததும் பிஸ்டல் தனி, உறை தனி.

பாலாறு_புதுசு:
நன்றி ஐயா. உறை பற்றி ஒரு சந்தேகம். கடையில் ‘எல்லா பிஸ்டலுக்கும் பொருந்தும்’ என்று நைலான் உறை கொடுக்கிறார்கள். ஸ்டேஷனில் இருப்பது பழைய மூடி வைத்த தோல் உறை. எது நல்லது?

ஆர்மரி_பெரியவர்:
எல்லாவற்றுக்கும் பொருந்துவது எதற்கும் சரியாகப் பொருந்தாது. அந்த நைலான் உறையில் மூணு கோளாறு. பிஸ்டலை உருவினதும் வாய் சப்பிப்போகும், திரும்ப வைக்க இடது கையால் வாயைத் திறந்து பிடிக்கணும். அப்போது குழல் உங்க விரலைப் பார்க்கும். இரண்டாவது, பிஸ்டலைப் பிடித்து வைக்கிற பட்டை நம்ம 9 எம்.எம். சுத்தியலுக்கு நேராக வராது. பக்கத்தில் வழுக்கி நிற்கும், பட்டன் போட்ட மாதிரி தெரியும், பிடித்து இழுத்தால் வந்துவிடும். மூணாவது, துணி மெல்லிசு, விசைக் காப்பு வளையத்துக்கு மேலேயே விரல் அழுத்தம் தெரியும். விசை இருக்கிற இடம் முழுக்க கெட்டியாக மூடியிருக்கணும், இதில் சமரசமே கிடையாது.

மூடி உறை தூசிக்கும் மழைக்கும் நல்லது. பின்னால் இருந்து பிடுங்கவும் சுலபம் இல்லை. எடுக்கத்தான் நேரம் ஆகும். பந்தோபஸ்துக்கு அது போதும். ராத்திரி ரோந்துக்கு, குற்றவாளியைப் பிடிக்கப் போகிற வேலைக்கு, இந்த பிஸ்டலுக்கென்றே அச்சில் அமுக்கின, கட்டைவிரலால் பட்டை விடுகிற உறை.

புது உறை இறுக்கமாக இருக்கும். பிஸ்டலை மெல்லிசு பிளாஸ்டிக் பையில் சுற்றி ஒரு ராத்திரி உள்ளே வைத்தால் தளரும் என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதை வீட்டில் செய்யக் கூடாது. ஆர்மரர் (ஆயுதக் கிடங்குப் பொறுப்பாளர்) கண் எதிரில், மேகசினைக் கழற்றி, ஸ்லைடை (பிஸ்டலின் நகரும் மேல்பாகம்) இழுத்து, குண்டு ஏறும் அறை காலி என்று கண்ணால் பார்த்து, விரலால் தொட்டுப் பார்த்த பிறகு. முதலில் மேகசின், அப்புறம் ஸ்லைடு. வரிசை மாறினால் இழுத்து விட்ட ஸ்லைடே அடுத்த குண்டை அறைக்குள் ஏற்றிவிடும்.

ஆம்பூர்_தோல்:
தோல் பட்டறைக்காரர் கையில நிஜ பிஸ்டலைக் கொடுத்துடாதீங்க சார். சிலர் ‘அளவுக்கு வேணும்’னு எடுத்துகினு வராங்க. ஆர்மரியில வச்சி வெளிக்கோட்டை அட்டையில வரைஞ்சிக்கங்க, ஸ்லைடு கனம், பிடி கனம், விசை வளையத்தோட கனம் மூணையும் காலிப்பர்ல அளந்து எழுதிக்கங்க. அதை வச்சி தச்சர் வேப்பம்பலகையில கட்டை செஞ்சி கொடுப்பார். ஊறின பட்டைத் தோலை அந்தக் கட்டை மேல போத்தி, எலும்புத் துண்டாலயோ வழவழப்பான குச்சியாலயோ விளிம்பெல்லாம் தேய்ச்சி எடுத்து, ரெண்டு நாள் நிழல்ல விட்டா அச்சு அப்படியே நிக்கும். குரோம் தோல்ல இது நிக்காது. அதுதான் பட்டைத் தோல் கேக்கறதுக்குக் காரணம்.

மகளிர்_நிலையம்:
பெண் எஸ்.ஐ.க்களும் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். மேலே சொன்ன 3 மணிக் கணக்கு ஆண் இடுப்புக்கு. இடுப்பு அகன்று இருந்தால் உறையின் அடி வெளியே தள்ளப்படும், பிடி விலா எலும்பில் குத்தும். உட்கார்ந்தால் இன்னும் மோசம். உறைக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் ஒரு கட்டை வைத்துச் சற்று வெளியே தள்ளி, 4, 5 சென்டிமீட்டர் கீழே இறக்கித் தொங்கவிடும் பட்டை கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். மேல் ஓரம் குட்டையாகவும் கீழ் ஓரம் நீளமாகவும் வளைத்து வெட்டிய பெல்ட் தைத்துக்கொண்டால் இடுப்பெலும்பில் உட்காரும். நேர்ப்பட்டை ஒரே ஓரத்தில் அழுத்தி, சாயங்காலம் சிவப்புக் கோடு விடும்.

இடுப்புச் சுற்று சின்னதாக இருந்தால் எல்லாச் சாமானுக்கும் இடம் கிடைக்காது. டார்ச்சையும் வாக்கி டாக்கியையும் முதலில் குறையுங்கள். கைக்குள் அடங்கும் டார்ச் பேன்ட் பையில் போகும், வாக்கி டாக்கியின் மைக்கைத் தோள்பட்டையில் மாட்டலாம். முதுகுப் பக்கத்துக்கு எதையும் தள்ளாதீர்கள்.

இடுப்புவலி_பிசியோ:
போலீஸ்காரர்கள் அடிக்கடி சொல்வது, தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போகிறது, எரிகிறது என்று. முன் இடுப்பெலும்பின் முனைக்குப் பக்கத்தில் ஒரு தோல் நரம்பு தொடைக்கு இறங்குகிறது. இறுக்கமான பெல்ட்டும், முன்பக்கம் 1 மணி, 11 மணியில் மாட்டிய கனமான பையும், உட்காரும்போது அதன்மேல் அழுத்தும். அது தசை நரம்பு இல்லை, கால் பலம் குறையாது, ஆனால் எரிச்சல் தூங்கவிடாது. மேகசின் பையை எலும்பு முனை மேலேயே வைக்காமல் இரண்டு விரற்கடை தள்ளி வையுங்கள். பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவில் நான்கு விரல் தட்டையாக நுழைய வேண்டும். நுழையாவிட்டால் ஒரு ஓட்டை தளர்த்துங்கள். தளர்த்தினால் பெல்ட் இறங்குகிறதா? அப்போது உள் பெல்ட்டும் அதோடு இதைக் கட்டும் சின்ன பட்டன் பட்டைகள் நான்கும் வேண்டும், இறுக்கம் வேண்டாம். உறைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, இடது பக்கம் இரண்டு. ஸ்டேஷனில் எழுத்து வேலையாக இரண்டு மணி நேரம் உட்கார வேண்டியிருந்தால் நடுவில் எழுந்து நில்லுங்கள்.

பீட்_பைக்:
வண்டி விஷயம் விட்டுப்போச்சு. பொலீரோவில் இன்சார்ஜ் உட்காருவது முன் இடது சீட். அங்கே சீட் பெல்ட் பூட்டு உட்காருபவரின் வலது இடுப்பில் வரும், பிஸ்டல் இருக்கிற அதே இடம். அவசரத்தில் பூட்டை அழுத்தப் போன கை உறைப் பட்டனை விடும், அல்லது சீட் பெல்ட் பட்டை பிடியில் மாட்டும். வண்டி நிற்பதற்குச் சற்று முன்னாலேயே இடது கையால் பூட்டை விடப் பழகுங்கள். வலது கை முட்டிமேல் இருக்கட்டும். பைக்கில் வாக்கி டாக்கி ஆன்டெனா அக்குளில் குத்தும், அதனால் பின்னால் தள்ளி 8 மணி. செல்போனைப் பெல்ட்டில் மாட்டவே வேண்டாம், முதலில் உடைவது அதுதான். சோதனை, கைப்பற்றல் எல்லாவற்றையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். (பழைய சி.ஆர்.பி.சி.க்குப் பதிலாக வந்த குற்ற நடைமுறைச் சட்டம்) 105வது பிரிவு வந்த பிறகு போன் கையில் எட்ட வேண்டும். பட்டன் போட்ட சட்டைப் பை போதும்.

கிரேடு2_காட்பாடி:
ஐயா, எங்களுக்கு பிஸ்டல் கிடையாது. லத்தியும் விசிலும்தான். பெல்ட்டில் வேறு ஏதாவது தேவையா?

ஆர்மரி_பெரியவர்:
தம்பி, உங்களுக்கு லேசாக இருப்பதே பலம், அதைக் கெடுத்துக்காதீங்க. நீள லத்தியைப் பெல்ட் வளையத்தில் செருகிக்கொண்டு ஓடினால் கால் நடுவில் மாட்டும், கையில்தான் இருக்கணும். சின்ன டார்ச், ரப்பர் கையுறை ஒரு ஜோடி, ரத்தம் நிறுத்துகிற பட்டை ஒன்று, போதும். சென்னை – பெங்களூர் ரோட்டில் விபத்துக்கு முதலில் போய் நிற்பது நீங்கதான். பட்டையைக் காயத்துக்கு இரண்டு, மூணு அங்குலம் மேலே, மூட்டு மேல் இல்லாமல் கட்டி, ரத்தம் நிற்கிற வரைக்கும் முறுக்கி, கட்டின நேரத்தைப் பேனாவால் நெற்றியிலோ பட்டையிலோ எழுதுங்க. ஒரு தடவை கட்டினதை நீங்க அவிழ்க்கக் கூடாது.

ரைட்டர்_நாட்குறிப்பு:
விலங்கை எங்கே மாட்டுவது என்பதற்கு முன்னால் எப்போது மாட்டுவது என்று சொல்லிவிடுகிறேன். 1980இல் பிரேம் சங்கர் சுக்லா வழக்கிலும் 1995இல் அசாம் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் வழக்கமாக விலங்கு போடுவதைத் தடுத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். 43(3) சில பேருக்கு அனுமதிக்கிறது: வழக்கமான குற்றவாளி, காவலிலிருந்து தப்பியவர், கொலை, பாலியல் வன்கொடுமை, ஆசிட் வீச்சு, போதைப்பொருள், சட்டவிரோத ஆயுதம், பயங்கரவாதம், மனிதக் கடத்தல் போன்ற வழக்குகள். அதிலும் குற்றத்தின் தன்மையையும் தீவிரத்தையும் பார்த்துத்தான். அடிதடி, சில்லறை வழக்குக்கெல்லாம் பெல்ட்டில் இருக்கிறதே என்று எடுத்து மாட்டக் கூடாது. மாட்டினால் காரணத்தைப் பொது நாட்குறிப்பில் அன்றைக்கே எழுதுங்கள்.

இனி சாமான். பையில் வைக்கும்போது நகரும் வளைவைக் கடைசி ஒன்றிரண்டு பல் மட்டும் மாட்டியிருக்கும் வரை தள்ளி வையுங்கள். மணிக்கட்டில் தட்டினதும் சுற்றி வந்து பூட்டும். முழுக்க மூடி வைத்தால் சாவி தேட வேண்டிவரும், தேடுகிற நேரத்தில் ஆள் போய்விடுவான். பூட்டின பிறகு சுண்டுவிரல் நுனி நுழைகிறதா பாருங்கள். அடுத்து சாவியின் பின்முனையால் இரட்டைப் பூட்டு போடுங்கள். போடாவிட்டால் வண்டியில் உட்காரும்போது அவன் எடையிலேயே இறுகும், கை வீங்கும், அது புகாராகும். மாதம் ஒரு முறை பல் சக்கரத்தில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு, மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். வியர்வையில் துரு பிடித்த விலங்கு பாதியில் நிற்கும்.

பீட்_பைக்:
கூட்டத்தில் எப்படி என்றும் எழுதிவிடலாம். பாலாற்றங்கரை மயானக் கொள்ளை, குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு, திருவண்ணாமலை தீபத்துக்குப் போகிற பந்தோபஸ்து, தை மாச எருது விடும் விழா, எல்லாவற்றிலும் ஒரே ஆபத்து: நெரிசலில் பின்னால் நிற்பவரின் கை நம் இடுப்பு உயரத்தில்தான் இருக்கும். வலது முழங்கையை உறை மேல் ஒட்டி வையுங்கள். கூட்டத்துக்கு இடது தோளைக் காட்டி நில்லுங்கள். பிஸ்டல் கயிறு பிடியின் வளையத்தில் மாட்டியிருக்க வேண்டும். நீளம், கையை முழுக்க நீட்டிக் குறி பார்த்தால் இழுக்காத அளவு. அதற்கு மேல் தொங்கினால் சவுக்குக் கட்டைத் தடுப்பில் சிக்கும். சாவிக்கொத்து, கராபினர் கொக்கி என்று வெளியே தொங்குவது எதுவும் அன்றைக்கு வேண்டாம்.

பாலாறு_புதுசு:
எல்லாம் குறித்துக்கொண்டேன். இப்படி முடிவு பண்ணியிருக்கிறேன், தப்பு இருந்தால் சொல்லுங்கள். பட்டைத் தோல் இரண்டடுக்கு, 50 மில்லி, அளவு 37, உள் பெல்ட், நான்கு பட்டன் பட்டை. பிஸ்டல் 3 மணிக்குச் சற்றுப் பின்னால், அச்சு உறை. மேகசின் இடுப்பெலும்பு முனையை விட்டு 11 மணி. வாக்கி டாக்கி 8 மணி, மைக் தோளில். விலங்கு 9 மணி. டார்ச் இடது பேன்ட் பை. போன் சட்டைப் பையில். விலங்குச் சாவியை விலங்குப் பைக்குள்ளேயே ஒரு சின்ன அறையில் வைக்கலாமா?

ரைட்டர்_நாட்குறிப்பு:
வேண்டாம் சார். அந்தப் பையை யாராவது பிடுங்கினால் சாவியும் சேர்ந்து போகும். ஒரு சாவி பெல்ட்டின் உள்பக்கம், பக்கிளுக்குப் பின்னால், எந்தக் கையாலும் எட்டும் இடத்தில். இன்னொன்று ஸ்டேஷனில் பாரா (காவல் முறை) மேசையில்.

ஆர்மரி_பெரியவர்:
மற்றது சரி தம்பி. மாட்டினதும் குண்டில்லாத பிஸ்டலோடு ஆயுதப்படை மைதானத்தில் 50 மீட்டர் ஓடுங்க, உட்கார்ந்து எழுங்க, குப்புறப் படுத்து எழுந்து பாருங்க. உறை முன்னால் வந்திருந்தால் அந்தப் பக்கத்துப் பட்டன் பட்டையை இன்னும் ஒட்டி மாட்டுங்க.